அப்பாவிடமிருந்து ஒன்று

அத்தியாயம் 9

செவ்வாய்க்கிழமை கல்லூரியிலிருந்து வந்ததிலிருந்து அன்னமேரி அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போட்டதைச் சாப்பிட்டாள். கேட்டதற்குத் தலையை ஆட்டினாள். இண்டர் சயன்ஸ் படிக்கிற பெண். ஏதாவது பரீட்சையில் சறுக்கியிருக்கும், தானாகச் சொல்லட்டும் என்று சேசம்மாளும் விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் சொன்னாள்.

விடியும் முன்பே மழை பிடித்துக்கொண்டிருந்தது. அப்பா சந்தியாகு முதல் டூட்டிக்குப் போய்விட்டார். ஹார்பர் லைனில் வி.டி. ஸ்டேஷனுக்கும் மான்குர்துக்கும் இடையே மின்சார ரயில் ஓட்டுகிற மோட்டார்மேன் அவர். செம்பூரில் ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸ். முன்னறை ஒன்று, உள்ளறை ஒன்று, சமையலறை. பாகிஸ்தான் சண்டையின்போது வெளிச்சம் வெளியே தெரியாமலிருக்க ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிய கறுப்புக் காகிதம் இன்னும் முழுசாக உரிபடவில்லை. அந்த அரை இருட்டில் சேசம்மாள் ரேஷன் கோதுமையை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் எங்க சார் வீட்டுக்கு வாராரு," என்றாள் அன்னமேரி, சமையலறை நிலையில் சாய்ந்தபடி.

"எந்த சாரு?"

"பயாலஜி சார். மாட்டுங்கா வேங்கடசுப்ரமணியன் சார். ஒனக்கும் அப்பாவுக்கும் கண்ணு டெஸ்ட் பண்ணணுமாம்."

சேசம்மாளின் விரல்கள் கோதுமைக்குள் நின்றுவிட்டன.

"எங்க கண்ணுக்கு என்னட்டி?"

"என் கண்ணுக்குத்தான். எனக்கு நிறக்குருடு. கிளாஸ்ல ஒரு புத்தகம் காட்டினாரு. பக்கம் பூரா புள்ளி புள்ளியா இருக்கும், நடுவுல ஒரு நம்பர். எல்லாரும் நம்பரைச் சொன்னாங்க. எனக்கு வெறும் புள்ளிதான் தெரிஞ்சுது. பொண்ணுங்களுக்கு இது வர்றதே அபூர்வமாம். புத்தகத்துலதான் படிச்சிருக்கேன், நேர்ல பாத்ததில்லன்னு சாருக்கு ஒரே சந்தோஷம். குடும்பத்துல எல்லாரையும் பாக்கணுங்கிறாரு."

அப்படி ஒரு புத்தகத்தைச் சேசம்மாள் பார்த்திருக்கிறாள். கல்யாணமான புதிதில், சந்தியாகு ரயில் ஷெட்டில் எடுபிடிக் கலாசியாக இருந்தார். மேலே போக வேண்டுமானால் கண் பரிசோதனையில் தேற வேண்டும். அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே மங்கல் பழுப்பாகத்தான் தெரியும் என்பது, குடித்தனம் வைத்த முதல் மாசத்திலேயே அவளுக்குப் புரிந்துபோயிற்று. ரயில்வே ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் நஜிமுதீன் சிநேகிதத்துக்காக அந்தப் புத்தகத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் தந்தார். சேசம்மாள் பூசைக்குக்கூடப் போகவில்லை. புருஷனை எதிரே உட்காரவைத்து, எந்தப் பக்கத்தில் என்ன எண் என்று பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுப்பதுபோல உருப்போட வைத்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பரிசோதனையிலும் அதே புத்தகம், அதே பக்கங்கள். சந்தியாகு கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்துவிடுவார்.

சிக்னலை அவர் நிறம் பார்த்து ஓட்டுவதில்லை. கம்பத்தில் எந்த இடத்து விளக்கு எரிகிறது என்று பார்த்து ஓட்டுகிறார். கீழ் விளக்கு என்றால் நிற்க வேண்டும். மேல் விளக்கு என்றால் போகலாம். இத்தனை வருஷத்தில் ஒரு தப்பு நடந்ததில்லை. நஜிமுதீன் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது இது புருஷன் பெண்டாட்டி இரண்டு பேருக்கு மட்டுமே தெரிந்த விஷயம்.

மகளுக்கும் அதே கண் என்பது சேசம்மாளுக்கு எப்போதோ தெரியும். காய் மிளகாயையும் பழ மிளகாயையும் கலந்து கொட்டினால் சின்ன வயதில் அன்னமேரி திருதிருவென்று விழிப்பாள். தகப்பன் கண் அப்படியே வந்திருக்கிறது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டு, வெளியே, 'கவனமில்லாத கழுதை' என்று திட்டி மறைத்துவிடுவாள். அதனால் ஒரு கேடு வரும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"வர வேண்டாம்னு சொல்லிருட்டி," என்றாள். "அப்பாவுக்கு எங்க நேரம்?"

அன்னமேரி நிலையை விட்டு உள்ளே வந்து எதிரே உட்கார்ந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

"நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. பொம்பளைக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம். ஒண்ணு அம்மா குடுக்கது, ஒண்ணு அப்பா குடுக்கது. ஆம்பளைக்கு ஒரே எக்ஸ், ஒரு ஒய். அவனுக்கு எக்ஸ் அம்மாகிட்டருந்து வரும், ஒய் அப்பாகிட்டருந்து வரும். வெளங்குதா?"

"ம்."

"இந்த நிறக்குருடுக்கான ஜீன் எக்ஸ்லதான் இருக்கு. அது ரிசசிவ், ஒடுங்கிப் போற ஜாதி. பக்கத்துல இன்னொரு நல்ல எக்ஸ் இருந்தா அது இதை அமுக்கிரும். அந்த நல்லதுக்கு டாமினன்ட்னு பேரு. அமுக்கிட்டா கண்ணு நல்லாத் தெரியும். ஆனா கெட்டது உள்ளேயே இருக்கும். பிள்ளைக்குக் குடுக்கலாம். அப்டி உள்ள வச்சிருக்கவங்களை கேரியர்ம்பாங்க. சுமந்துக்கிட்டே இருப்பாங்க, சுமக்கோம்னு அவங்களுக்கே தெரியாது."

"அப்ப நான் அந்தக் கேரியரா?"

"நீ கேரியராத்தான் இருக்கணும். அதுல ஒண்ணும் இல்ல. என் ரெண்டு எக்ஸும் கெட்டது. அதனாலதான் எனக்குக் கண்ணு இப்படி. ஒண்ணு ஒன்கிட்டருந்து வந்துச்சு. இன்னொண்ணு?"

சேசம்மாள் முறத்தைத் தரையில் வைத்தாள்.

"இன்னொண்ணு அப்பாகிட்டருந்து வரணும். ஆம்பளைக்கு இருக்கதே ஒரு எக்ஸ். அதுல அந்த ஜீன் இருந்தா அமுக்க ஆள் கெடையாது. அவருக்கும் நிறக்குருடு இருந்தே தீரணும்." அன்னமேரி அம்மாவை நேராகப் பார்த்தாள். "ஆனா நம்ம அப்பா மோட்டார்மேன். கண்ணு டெஸ்ட்ல ஒரு தடவ ஃபெயில் ஆனதில்ல. ஆகியிருந்தா அந்த வேலையில இருக்கவே விடமாட்டாங்க. நாலு நாளா நானும் போட்டுப் போட்டுப் பாக்கேன். கணக்கு ஒத்து வரவே இல்ல. எனக்கு இது எங்கேருந்து வந்துச்சும்மா?"

மழை ஜன்னல் கம்பிகளில் அடித்துத் தெறித்தது.

பெண் என்ன கேட்கிறாள் என்பது சேசம்மாளுக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டபோது காது இரண்டும் அடைத்துப்போயின. நாலு நாளாக இவள் என்னை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்? நான் போட்ட சோற்றை என்னவென்று நினைத்துக்கொண்டு தின்றிருக்கிறாள்?

ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். 'உங்க அப்பாவுக்கும் அதே கண்ணுதாம்ட்டி.' அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

வந்தது, நின்றது. போன வருஷம் பக்கத்து பிளாக்கில் திருட்டுச் சாராயம் காய்ச்சியவனைத் தானே போலீஸ் சௌக்கிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தவள் இந்த அன்னமேரி. பழகினவர், மாமா என்று கூப்பிட்டவர் என்றெல்லாம் பார்க்கவில்லை. 'அதக் குடிச்சு யாராவது செத்தா?' என்றுதான் கேட்டாள். அப்பா ஓட்டுகிற வண்டியில் தினம் எத்தனை ஆயிரம் பேர் ஏறி இறங்குகிறார்கள். இவள் சும்மா இருப்பாளா? வேலை போகும். வீடு போகும். பொய் சொல்லி வேலையில் சேர்ந்ததற்கு ஜெயிலே போட்டாலும் போடுவார்கள்.

"படிக்க அனுப்பினா இதையெல்லாமா சொல்லித்தாராங்க," என்றாள் சேசம்மாள். அவளுக்கே அந்தக் குரல் அசலார் குரல்போல் கேட்டது.

"இது பதில் இல்ல," என்றாள் அன்னமேரி. எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

பொறுக்காத கோதுமையை அப்படியே டப்பாவில் கொட்டினாள் சேசம்மாள். குடையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

ரயிலில் போனால் சீக்கிரம். ஆனால் அவர் ஓட்டுகிற வண்டியே வந்து நின்றாலும் நிற்கும். இந்தக் காரியத்துக்குப் போகும்போது அவர் வண்டியில் கால் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பஸ் ஏறினாள்.

பஸ் சயான் வரைக்கும்தான் போயிற்று. முன்னால் தண்ணீர். வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. "ஆகே பானி பரா ஹை, காடி நஹி ஜாயேகி," இனி வண்டி போகாது என்று சொல்லிவிட்டுக் கண்டக்டர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டான். சேசம்மாள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நடந்தாள். சேலை காலைச் சுற்றியது. ஒரு செருப்பு எங்கேயோ போயிற்று. மற்றதையும் உதறிவிட்டு நடந்தாள்.

நடக்க நடக்க ஒரு பயம் மட்டும் வளர்ந்துகொண்டே வந்தது. வாத்தியார் கொண்டுவரப் போவது வேறு புத்தகமாக இருந்தால்? பக்கம் மாறியிருக்கும். சந்தியாகு பழைய எண்களை வரிசையாக ஒப்பிப்பார். முதல் பக்கத்திலேயே பிடிபட்டுவிடுவார்.

மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், இரண்டாவது மாடியில் வேங்கடசுப்ரமணியன் வீடு. கல்லூரியில் இடம் கேட்டு வந்தபோது அன்னமேரியோடு ஒரு தடவை வந்திருக்கிறாள். நல்ல மனுஷன். அன்று அவர்தான் பிரின்சிபாலிடம் பேசி இடம் வாங்கிக் கொடுத்தார்.

கதவைத் திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அட, அன்னமேரி அம்மாவா? வாங்கோ, வாங்கோ. சாயந்தரம் நானே வரதா இருக்கேனே. இந்த மழையில எதுக்கு இப்படி நனைஞ்சுண்டு?" உள்ளே திரும்பி, "சூடா ஒரு காபி கொண்டா," என்றார்.

சேசம்மாள் நாற்காலியில் உட்காரவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள்.

"நீங்க வர வேண்டாம்னு சொல்லத்தான் சார் வந்தேன்."

"ஏன்? பொண்ணு கல்யாணத்துக்கு இடைஞ்சலா வரும்னு பயப்படறேளா? பேர் கீர் எதுவும் போட மாட்டேன். இது வியாதியே இல்லையம்மா. ஆம்பளைகள்ல நிறையப் பேருக்கு உண்டு. பொண்கள்ல இருநூறு பேரைச் சோதிச்சா ஒருத்திக்கு இருந்தா ஜாஸ்தி. என் கிளாஸ்லயே ஒருத்தி அகப்பட்டிருக்கா. விட மனசு வருமா?"

மேஜை மேல் கிடந்த காகிதத்தை ஆர்வமாக இழுத்துக் காட்டினார். வட்டமும் சதுரமும் கோடுகளுமாக ஒரு படம்.

"இதான் வம்சப் படம். வட்டம் பொம்மனாட்டி, சதுரம் ஆம்பளை. குறை இருக்கறவாளைக் கறுப்படிக்கணும். இதோ அன்னமேரி, கறுப்பு வட்டம். உங்க வட்டத்தைப் பாதி கறுப்படிக்கணும், நீங்க கேரியர். உங்க ஆத்துக்காரர் சதுரம் முழுக் கறுப்பு. பார்க்காமலே சொல்லிடுவேன். ஆனா பார்க்காம எழுதப்படாது."

"அவருக்கு நேரமே இல்ல சார். டூட்டி."

"ரயில்வேலதானே? என்ன உத்தியோகம்?"

சேசம்மாள் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆபீஸ்ல," என்றாள்.

"வி.டி. ஆபீஸா? நல்லதாப் போச்சு. என் மச்சினன் அங்கேதான் இருக்கான். எந்த செக்ஷன்னு சொல்லுங்கோ, திங்கட்கிழமை மத்தியானம் நானே போய்ப் பார்த்துடறேன். அஞ்சு நிமிஷக் காரியம். பேர் சந்தியாகுதானே?"

அவர் பென்சிலை எடுத்தார்.

மச்சினனிடம் பேர் போகும். அந்தப் பேரில் ஆபீஸில் யாரும் இல்லை என்பான். மோட்டார்மேன் சந்தியாகு என்று ஒருத்தர் இருக்கிறார் என்பான். இந்த மனுஷனுக்கு அதற்கு மேல் யாரும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. சேசம்மாளின் கண் அந்தப் பென்சில் முனையிலேயே நின்றது. உள்ளேயிருந்து மாமி காபியோடு வந்துகொண்டிருந்தாள்.

"அவரப் பாத்து ஒண்ணும் ஆகப்போறதில்ல சார்," என்றாள் சேசம்மாள். "அவருக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு."

"அதெப்படி? இருக்க முடியாதே."

"அன்னமேரி அவருக்குப் பொறக்கல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது.

வேங்கடசுப்ரமணியன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடியும் போட்டுக்கொள்ளவில்லை. காபியை நீட்டவந்த மாமி கையைப் பின்னுக்கு வாங்கி, டம்ளரை மேஜை மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இதை நீங்க எங்கிட்ட சொல்லியிருக்க வேண்டாம்மா," என்றார் கடைசியில். "நான்தான் அசடு. தோணியிருக்கணும். நான் வரலை. அன்னமேரிகிட்டயும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன்." காகிதத்தை நாலாக மடித்து டிராயருக்குள் போட்டார். அவள் முகத்தை மட்டும் அவர் பார்க்கவே இல்லை.

சேசம்மாள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். தூத்துக்குடியிலிருந்து பதினேழு வயதில் இந்த ஊருக்கு வந்தவள். தாராவியில் ஒண்டுக் குடித்தனம், அங்கிருந்து குர்லா, குர்லாவிலிருந்து செம்பூர். எந்த இடத்திலும் அவளைப் பற்றி யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. அவளாகவே இன்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கேட்டை விட்டு வெளியே வந்து, பூக்கடைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒதுங்கி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பூக்காரி நகர்ந்து இடம் கொடுத்தாள். ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை.

பரவாயில்லை, பரவாயில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் வேலை தப்பிற்று. அன்னமேரி சின்னவள், மெல்ல ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம். விஷயம் தெரிந்தால் அவர் துடித்துப்போவார். 'எனக்காகவா இப்படிச் சொல்லிட்டு வந்தே' என்பார். அதை நினைத்தபோது நெஞ்சில் கொஞ்சம் சூடு வந்தது.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பிற்பகல். அன்னமேரி சாப்பிட்டிருக்கவில்லை.

"எங்க போயிருந்த?"

"மாட்டுங்காவுக்கு. ஒங்க சார் வரல. வர வேண்டாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"சரின்னுட்டாரா?"

"சரின்னுட்டாரு."

அன்னமேரி வெறுங்காலையும் நனைந்த சேலையையும் பார்த்தாள்.

"அவரு அப்படி லேசுல விடுற ஆளில்லம்மா. நாலு நாளா இதே பேச்சாத்தான் இருக்காரு. அப்பாவப் பாக்காம விட மாட்டேன்னாரு. நீ என்ன சொன்ன?"

சேசம்மாள் தலை துவட்டத் துண்டைத் தேடினாள்.

"என்ன சொன்னன்னு கேக்கேன்."

துண்டு கையிலேயே இருந்தது. அவள் பெண்ணை ஏறிட்டுப் பார்த்தாள். பொய் சொல்லத் திராணி இல்லை. மெய் சொல்லத் தைரியம் இல்லை. அந்தப் பார்வையே பதிலாகிவிட்டது.

"அப்ப நெசம்தானா?" என்றாள் அன்னமேரி. சுவரோரம் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சந்தியாகு வழக்கத்தைவிட வெகு நேரம் கழித்து வந்தார். ரெயின்கோட்டைக்கூடக் கழற்றாமல் முன்னறை நாற்காலியில் அமர்ந்தார். சேசம்மாள் கொண்டுவந்த டீ அவர் கையில் ஆடித் தரையில் சிந்திற்று. குளிராக்கும் என்று நினைத்தாள்.

அன்னமேரி எழுந்து வந்து அவர் எதிரே நின்றாள்.

"ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். எனக்கு நிறக்குருடு. சிவப்பும் பச்சையும் பிரிச்சுத் தெரியாது. காலேஜ்ல கண்டுபிடிச்சிட்டாங்க."

சந்தியாகுவின் கண்கள் பெண்டாட்டியிடம் ஓடின. சேசம்மாள் அசையாமல் நின்றாள்.

"அப்பனுக்கு இருந்தாத்தான் மகளுக்கு வரும். இது சயன்ஸ். மாறவே மாறாது. ஒங்களுக்குக் கண்ணு நல்லாருக்கு. சார் ஒங்களையும் பாக்க வாரேன்னாரு. அம்மா மாட்டுங்காவுக்குப் போயி என்னத்தயோ சொல்லி அவர நிறுத்திட்டு வந்திருக்கு." அவள் அம்மா பக்கம் திரும்பவே இல்லை. "ஒங்களுக்குத் தெரியாம இருக்கக் கூடாது. அதான் சொல்லுதேன். நான் ஒங்க மக இல்ல."

சேசம்மாள் புருஷன் முகத்தையே பார்த்தாள். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் எங்கே போனாள், என்ன விலை கொடுத்தாள் என்பது முதற்கொண்டு அவர் கண்ணில் வந்து போயிற்று. இப்போது வாயைத் திறப்பார். இதோ.

சந்தியாகு டம்ளரைக் கீழே வைத்தார்.

"நடந்தது நடந்துபோச்சு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "ஒங்கம்மாவ ஒண்ணும் சொல்லாத. யாருக்குப் பொறந்தா என்ன? நான் ஒன்ன என் மகளாத்தான் வளத்தேன்."

அன்னமேரி அப்படியே மடங்கி அவர் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். "தெரிஞ்சுமா? தெரிஞ்சுமா இத்தன வருசமா?" என்று விக்கி விக்கி அழுதாள். சந்தியாகுவின் கை அவள் தலைக்கு மேலே வந்து தொடாமல் நின்றது. பிறகு தொட்டது. அழுகை கொஞ்சம் அடங்கியதும் அவள் எழுந்தாள். அம்மாவைத் தாண்டிப் போகும்போது சேலை படாமல் ஒதுங்கிப் போனாள். உள்ளறைத் தாழ்ப்பாள் விழுந்தது.

சேசம்மாள் சமையலறைக்குப் போய் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தன் பேரைத் தானே கெடுத்துக்கொண்டு வந்தாளே தவிர, அவர் அதை வாங்கிக்கொள்வார் என்று அவள் ஒரு நிமிஷமும் நினைக்கவில்லை. வாங்கிக்கொண்டதோடு மட்டுமா? பெரிய மனசு பண்ணி மன்னிப்பும் கொடுத்துவிட்டார்.

அவர் பின்னாலேயே வந்தார்.

"சேசு."

"நீங்க சொல்வீங்கன்னு நெனச்சேன்," என்றாள் திரும்பாமல்.

"வேற என்ன சொல்லச் சொல்லுத? அவ குணம் ஒனக்குத் தெரியாதா? திங்கட்கிழமை விடிஞ்சதும் போயி எழுதிக் குடுத்துட்டு வந்துருவா."

"அதுக்கு? நான் தேவிடியாவா இருந்துட்டுப் போவட்டுமா?"

அந்தச் சொல் அவரை அடித்தது. பின்சுவரில் சாய்ந்து மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ரெயின்கோட்டிலிருந்து வழிந்த தண்ணீர் அவரைச் சுற்றித் தேங்கியது. தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"இன்னைக்குக் குர்லாவத் தாண்டி வரும்போது ஒரு மழை அடிச்சுது. கண்ணாடிக்கு வெளிய ஒண்ணுமே தெரியல. தூரத்துல ஒரு வெளிச்சம் மட்டும் தெரிஞ்சுது. மேல எரியுதா கீழ எரியுதான்னு பாக்கேன், கம்பமே தெரியல. மேலன்னு நெனச்சு விட்டுட்டேன்."

சேசம்மாள் திரும்பினாள்.

"கீழ வெளக்கு. முன்னால ஒரு வண்டி நிக்கி. அதோட கடைசிப் பெட்டி திடீர்னு கண்ணு முன்னால வந்துட்டு. பிரேக்க இழுத்துப் பிடிச்சேன். இந்தச் சுவருக்கும் அந்த வாசலுக்கும் இருக்க தூரத்துல போய் நின்னுது. படியில தொங்கிக்கிட்டு நின்னவனெல்லாம் சிரிக்கான். அவனுக என்னத்தக் கண்டானுக? கார்டு வந்து கேட்டான். தண்டவாளத்துல ஆள் குறுக்க வந்துட்டான்னு சொல்லிட்டேன்."

அவர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். அவை இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன.

"பயந்து போயிருந்தேன் சேசு. அவ வந்து கேட்டதும் வாயில எது வந்துச்சோ அதச் சொல்லிட்டேன்."

"நாளைக்கு?"

"நாளைக்கும் முதல் டூட்டிதான்."

"மழை?"

"ரெண்டு நாளைக்கு நிக்காதுன்னு ரேடியோவுல சொல்லுதான்."

சேசம்மாள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் இருந்தது. அதைவிடப் பெரியதாக வேறொன்று வந்து அதை மூடிக்கொண்டது. அந்தப் புத்தகத்தை அவர் முன்னால் விரித்து வைத்தது யார்? தப்பாகச் சொன்னபோதெல்லாம் மறுபடி சொல்லுங்கள், மறுபடி சொல்லுங்கள் என்று விடாமல் ஒப்பிக்க வைத்தது யார்? படியில் தொங்கிக்கொண்டு சிரித்தவர்களை அவள் நினைத்துப் பார்த்தாள். தன் பெண்ணும் அதே லைனில்தான் தினம் கல்லூரிக்குப் போகிறாள் என்பது இப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"எந்திரிங்க," என்றாள். "ஈரத்த மாத்துங்க."

"எங்க போற?"

அவள் முன்னறையைக் கடந்து உள்ளறைக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். உள்ளே பெட்டியைத் திறந்து துணிகளை அள்ளிப் போடுகிற சத்தம் கேட்டது. கதவைத் தட்டினாள்.

"அன்னம், கதவத் திற. அப்பாவப் பத்தி ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

உள்ளே சத்தம் நின்றது.

"எந்த அப்பாவப் பத்தி?" என்று அன்னமேரியின் குரல் கேட்டது.

சந்தியாகு ஓடிவந்து பின்னாலிருந்து சேசம்மாளின் மணிக்கட்டைப் பிடித்தார். "வேண்டாம் சேசு, வேண்டாம். நான் லீவு போட்டுருதேன். ஒரு வாரம் லீவு போட்டுருதேன்," என்றார். அவள் கையை உருவ முயன்றாள். அவர் விடவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் தாழ்ப்பாள் நகர்ந்தது.